பீடி தொடாத பெருமாயி

எங்கண்ணன் அப்பாசாமி பீடி குடிக்கும். அண்ணன் பொண்டாட்டி பெருமாயி, எனக்கு நங்கையா முறை, பீடிக்கட்டைக் கையால கூடத் தொடாது. இந்த ரெண்டு சேதியும் தெரியாத ஆளு எங்க மலையில, தேவனூர் நாட்டுலயே கெடையாதுங்க. காலையில எந்திரிச்சதும் வாசல்ல நின்னு அதைச் சொல்லித்தான் நங்கையா எங்கண்ணனை வையும். நாலு காடு தள்ளி ஏணி மேல நின்னு மொளகு பறிக்கிறவனுக்கும் கேக்கும்.

"அந்தக் கருமத்தை ஊதி ஊதி நெஞ்சு கரியாப் போயி நீங்க போய்ச் சேந்துட்டீங்கன்னா, இந்தக் காட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுங்க?"

அண்ணன் பீடியை அணைச்சுக் காதுல சொருகிக்கிட்டு நடையைக் கட்டிரும். வளைவு திரும்புனதும் மறுபடி பத்த வெச்சுக்கும். முப்பது வருசமா இதுதான் அந்த ஊட்டுச் சுப்ரபாதம்.

என் பேரு கலைச்செல்வி. சோளக்காட்டுல பஸ்ஸு நிக்கிற எடத்துல டீக்கடை வெச்சிருக்கேன். அன்னாசி ஏத்தறவங்க, மொளகு யாவாரிங்க, கீழ ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, மேல கோயிலுக்கு வாரவங்க, அத்தனை பேரும் என் கடையில ஒரு டீயைக் குடிச்சிட்டுத்தான் போவாங்க. அதனால ஊருல யாருக்கு என்ன நோவுன்னு நர்சுக்குத் தெரியறதுக்கு முந்தி எனக்குத் தெரிஞ்சிரும். எனக்குத் தெரிஞ்சா அப்புறம் ஊருக்கே தெரிஞ்சிரும்னு எங்கண்ணன் சொல்லும். அது வயித்தெரிச்சல்ல சொல்றதுங்க.

நங்கையாளைப் பத்திச் சொல்லணும்னா அடுப்புல இருந்துதான் ஆரம்பிக்கணும். எங்க மலையில சாமை, ராகி வெதையெல்லாம் அடுப்புக்கு மேல பரண்ல வெச்சிருப்போம். தெனமும் பொகை பட்டாத்தான் பூச்சி வராது, அடுத்த மழைக்கு நல்லா மொளைக்கும். நங்கையா ஊட்டுப் பொகைக்கு ஊருக்குள்ள தனி மருவாதி. சன்னல் கெடையாது, பொகை போக்கி கெடையாது, உள்ள போனவன் கண்ணைக் கசக்கிக்கிட்டே வெளிய வருவான். அவங்கவங்க ஊட்டுல வெச்சா வெதை புழுத்துப் போகுதுன்னு பக்கத்துக் காட்டுக்காரங்கல்லாம் மூட்டையைக் கொண்டாந்து நங்கையாகிட்டத்தான் குடுப்பாங்க. நங்கையாளுக்கு அதுல பெருமைன்னா அப்படியொரு பெருமை. கவுருமெண்டு குடுத்த கேஸ் அடுப்பு மூலையில பழைய சீலையைப் போத்திக்கிட்டுப் புதுப்பொண்ணாட்டம் உக்காந்திருக்கும். "கேஸுல சமைச்சா வெதைக்கு யாரு பொகை போடறது, உன் மாமனா?"ன்னு கேக்கும். எனக்கு மாமனே கெடையாது.

போன வருசம் ஐப்பசி மழையில நங்கையாளுக்கு இருமல் புடிச்சுது. மழைக்காலத்துல மலையில இருமாதவனைத்தான் நாங்க சந்தேகமாப் பாப்போம், அதனால யாரும் கண்டுக்கலை. என் கடைக்கு வாரவங்க எல்லாருமே வைத்தியருங்க. மலைக்குக் கீழ, கீழ்நாட்டுல இருந்து வந்து போற மொளகு யாவாரி சுப்பண்ணன், "அது சளி இல்லீங்க அம்மிணி, மொளகுத் தூசி"ன்னுச்சு. சரின்னு நான் ஒரு கை மொளகைத் தட்டிப் போட்டுக் கசாயம் வெச்சுக் குடுத்தனுப்பினேன். நோவும் மொளகு, மருந்தும் மொளகான்னு கேக்கறதுக்கு அங்க ஒரு ஆளு இல்லை. ஒரு லாரி டிரைவரு மருந்துக்கடையில சிவப்புத் தண்ணி வாங்கிக் குடுக்கச் சொன்னாரு. அதைக் குடிச்சிட்டு நங்கையா ரெண்டு நாளு நல்லாத் தூங்குச்சு, எந்திரிச்சு மறுபடி இருமுச்சு.

இருமல் நிக்கலைன்னதும் யமுனா சிஸ்டரு ஊட்டுக்கே வந்துச்சு. குண்டனி நாட்டுப் புள்ள, எங்க பக்கத்துக்கு நர்சு, ஸ்கூட்டியில வரும். சளியை டப்பாவுல புடிச்சுக் கொண்டுபோயி சோதிச்சுட்டு, டிபி இல்லைன்னு வந்து சொல்லுச்சு. அவ்வளவுதான். நங்கையா அன்னைக்கே எண்ணெச் சட்டியை வெச்சு வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு ஊரு பூரா குடுத்துச்சு.

"டிபி இல்லைன்னுதானுங்க பெரியம்மா சொன்னேன். ஒண்ணுமே இல்லைன்னு சொல்லலையே"ன்னு யமுனா கத்திப் பாத்துச்சு. எல்லாரு வாயிலயும் கச்சாயம் இருந்துச்சு.

கார்த்திகை மாசம் நெஞ்சைப் படம் புடிக்கிற வேனு மலைக்கு வந்துச்சுங்க. பள்ளிக்கூடத்து மைதானத்துல நிக்கும், பீடி சிகரெட்டு குடிக்கிறவங்க, ரொம்ப நாளு இருமல் இருக்கறவங்கல்லாம் வரணும்னு யமுனா ஊடு ஊடாச் சொல்லிக்கிட்டு வந்துச்சு. பீடிங்கிற சொல்லு காதுல விழுந்ததும் நங்கையா மீதியைக் கேக்கவே இல்லை. உள்ள படுத்திருந்த எங்கண்ணனை இழுத்துக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தி, "இந்தா, எழுதிக்கோ சாமி, அப்பாசாமி, பீடி"ன்னுச்சு. எங்கண்ணனுக்கு இனிசியலே பீடிங்கிற மாதிரி.

"நீங்களும்தானே பெரியம்மா இருமறீங்க, உங்க பேரையும் எழுதிக்கிறேன்"னு யமுனா சொல்லுச்சு.

"எனக்கெதுக்கு? நானா பீடி குடிக்கிறேன்?"

யமுனா கேக்காம எழுதிக்கிச்சு. மொதச் சீட்டு அண்ணனுக்கு, அடுத்த சீட்டு நங்கையாளுக்கு.

இங்க எங்கண்ணனோட வீரத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். அது எந்தக் காரியத்தையும் மொதல்ல செய்யாது. கல்யாணமான புதுசுல ஓடையில தண்ணி போனா, நங்கையாளை எறக்கி ஆழம் பாத்துட்டுத்தான் தான் எறங்கும். ஊட்டுல கரண்டு இழுத்தப்ப சுச்சைப் போட்டது நங்கையா. புதுசா எந்தப் பழம் வந்தாலும் நங்கையா தின்னு, பொழைச்சுக் கெடந்தா மறுநாளு அது திங்கும். மரத்து மேல நாப்பதடி ஏறி நின்னு மொளகு பறிக்கிற ஆளுதான், அதுல மட்டும் பயமில்லை. வேனைப் பாத்ததும் எங்கண்ணனுக்கு மொகம் வெளுத்துப் போச்சு.

"சட்டையைக் கழட்டிட்டு மேல ஏறி நில்லுங்கய்யா"ன்னு வேன்காரத் தம்பி கூப்புட்டாரு.

"அவ மொதல்ல நிக்கட்டுங்க"ன்னுச்சு அண்ணன்.

"சீட்டு உங்களுதுங்கய்யா மொதல்ல."

"இருக்கட்டுங்க. அவளுக்கு ஒண்ணும் ஆவலைன்னா நான் நிக்கிறேன்."

பின்னால நின்ன சனம் பூரா சிரிச்சுது. நங்கையா தலையில அடிச்சுக்கிட்டு ஏறி நின்னு, மூச்சைப் புடிக்கச் சொன்னா புடிக்க முடியாம ரெண்டு தரம் இருமி, மூணாந்தரம் படம் எடுத்துக்கிட்டு எறங்குச்சு. நங்கையாளை மேலயும் கீழயும் பாத்து, உசுரோடதான் இருக்குதுன்னு உறுதி பண்ணிக்கிட்டு எங்கண்ணன் ஏறுச்சு.

கொஞ்ச நாளு கழிச்சு யமுனா ஸ்கூட்டியை நிறுத்திட்டு எறங்கறப்பவே மொகம் சரியில்லை. நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன்.

"பெரியம்மாவுக்கு வலது பக்கம் நெஞ்சுல ஒரு நெழலு தெரியுதுங்க. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி ஸ்கேன் எடுக்கணும். பெரியப்பாவுக்கு அப்படி எதுவும் தெரியலை. ஆனா பீடியை விட்ருங்க பெரியப்பா, இப்ப இல்லைங்கறதுக்காக வராதுன்னு இல்லை."

அதைக் கேட்டு நங்கையா சிரிச்சுது பாருங்க, சிரிப்புக்கு நடுவுல இருமலு, இருமலுக்கு நடுவுல சிரிப்பு.

"அடக் கண்ணு, படம் மாறிப் போச்சு. மொதச் சீட்டு உங்க பெரியப்பனுது, ஏறி நின்னது நானு. ரெண்டாஞ்சீட்டு என்னுது, நின்னது அவரு. என் பேருல இருக்கறது அவரு நெஞ்சு."

"நீங்க மாறி நின்னதும் மிஷின்ல பேரையும் மாத்தி அடிச்சது நானுங்க பெரியம்மா. பக்கத்துலயேதான் நின்னேன்."

"கூட்டத்துல உனக்குத் தடுமாறியிருக்கும் சாமி. பீடி குடிக்கிறவருக்கு ஒண்ணுமில்லை, குடிக்காத எனக்கு நெழலுன்னா, கேக்கறவங்க சிரிப்பாங்க."

கணக்குப் பாத்தா சரியாத்தானே இருக்குது? திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கற அண்ணன் மவன் சதீஷ்குமாருக்குப் போன் போட்டா, அவனும், "அப்பனைக் கூட்டிக்கிட்டுப் போங்க"ன்னுட்டான். ஊருல கேட்ட அத்தனை பேரும் அதையேதான் சொன்னாங்க. எங்கண்ணன் அதுக்குள்ள நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுக் கட்டில்ல சாஞ்சிருச்சு. யமுனா ஒத்தையாளு, எங்க வாயிக்கு முன்னால நிக்க முடியுமா? நாங்க ரொம்பத் தெளிவா, ரொம்ப அறிவா, தப்பான ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

அண்ணன் போன லட்சணத்தைச் சொல்லணுமே. கெளம்பறதுக்கு முந்தி காட்டுக்குப் போயி ஒவ்வொரு மொளகுக் கொடியையும் தொட்டுக் கும்புட்டுச்சு. வழியில பாத்தவன் கிட்டயெல்லாம், "ஏதாவது தப்பா நடந்திருந்தா மனசுல வெச்சுக்காதீங்க"ன்னுச்சு. என் கடையில டீயைக் குடிச்சிட்டு, டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டே என்னைப் பாத்து அழுதுச்சு. கொண்டை ஊசி வளைவு முழுக்க நங்கையா தோளுல சாஞ்சுக்கிட்டே போச்சாம். அந்தப் பக்கம் நங்கையா சன்னலுக்கு வெளிய இருமிக்கிட்டே போச்சாம்.

கீழ மறுபடி படம் எடுத்து, ஸ்கேனும் எடுத்து, நெழலு கிழலு ஒண்ணும் இல்லை, பீடியை மட்டும் விட்ருங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வந்து எறங்குன எங்கண்ணனைப் பாக்கணும். தேர்தல்ல செயிச்சவனாட்டம் பஸ்ஸுப் படியில நின்னுக்கிட்டே வந்துச்சு. நங்கையா வேண்டுதல் வெச்சிருந்ததால மாசிப் பெரியண்ணன் கோயிலுக்குக் கெடா வெட்டினோம்.

பந்தியில எல்லாரும் உக்காந்து சாப்புடறப்ப யமுனா மட்டும் எலையைப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் மெதுவாக் கேட்டுச்சு: "அப்ப அந்த நெழலு யாரோடதுங்க பெரியம்மா?"

நங்கையா கரண்டியை எடுத்து அது எலையில இன்னும் ரெண்டு துண்டு வெச்சு, "மிஷினோடதா இருக்கும். சாப்புடு கண்ணு"ன்னுச்சு.

சாப்புடச் சொன்ன நங்கையா தன் எலையைத் தொடாம மடிச்சுட்டு எந்திரிச்சதை நான் பாத்தேனுங்க.

அப்புறம் தை மாசம் வந்துச்சு, மொளகுப் பறிப்பு. மொளகு பறிக்கிற காலத்துல எங்க மலையில சாவுக்கே நேரம் ஒதுக்க மாட்டோம், ஆஸ்பத்திரிக்கு எங்க போறது? யமுனா போன் போட்டா நங்கையா எடுக்காது. ஸ்கூட்டிச் சத்தம் கேட்டா பலாமரத்துக்குப் பின்னால போயி நின்னுக்கும், அங்க நின்னு இருமிக் காட்டிக் குடுத்துக்கும். ரவிக்கை தொளதொளன்னு ஆயிருச்சு. கேட்டா வேலை சாஸ்தின்னுச்சு. தோளு வலிக்குதுன்னுச்சு, மூட்டை தூக்கினதுன்னுச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதிலைக் கையிலயே வெச்சிருந்துச்சு.

மாசி பொறக்கறப்ப ஒரு நாளு எங்கண்ணன் கடைக்கு வந்து டீ வேண்டாம்னுச்சு. எங்கண்ணன் டீ வேண்டாம்னா ஏதோ ஆபத்துன்னு அர்த்தம்.

"என்னண்ணா?"

"அம்மிணி, அவ வையறதே கேக்கலை."

"நல்லதுதானே, முப்பது வருசம் கழிச்சுக் காதுக்கு லீவு."

"வெளையாடாத. வையறா, சத்தம் வரமாட்டேங்குது. வெறும் காத்துத்தான் வருது. மொத நாலு நாளு எனக்கும் சொகமாத்தான் இருந்துச்சு. நேத்து வாசல்ல நின்னு என்னையப் பாத்து வாயை அசைக்கிறா, பீடின்னு சொல்றான்னு மட்டும் தெரியுது, கேக்கலை. எனக்குப் பயமா இருக்குது கலை."

கடையைப் பக்கத்துப் பழக்கடைக்காரியைப் பாக்கச் சொல்லிட்டு, அண்ணன்கூடவே போனேன். எனக்குக் கோவம் வந்தா நிக்காது. நங்கையா அடுப்பு முன்னால உக்காந்து ஊதிக்கிட்டு இருந்துச்சு. ஊதறதுக்கும் மூச்சு இல்லை.

"எந்திரிங்க நங்கையா. நாளைக்கு மொத பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரி. வெதை, மொளகு, மண்ணாங்கட்டி எதையும் சொல்லாதீங்க."

நங்கையா ஊதறதை நிறுத்துச்சு. அப்புறம் அந்தக் காத்துக் கொரலுல சொல்லுச்சு.

"அந்தப் படம் என்னுதுன்னு எனக்கு மொதல்லயே சந்தேகம்தான் அம்மிணி."

"அப்புறம் எதுக்கு எங்கண்ணனை அனுப்புனீங்க?"

"அவருதா இருந்தா இருக்கட்டும்னு பாத்தேன். சாகட்டும்னு இல்லை. அவருக்குன்னா ஒடனே கூட்டிக்கிட்டுப் போயிருவேன், வைத்தியம் பாத்துருவேன். எனக்குன்னா ஊரு என்ன சொல்லும்? நெஞ்சுல கேன்சருன்னா பீடின்னுதானே எல்லாரும் சொல்றோம், நானே எத்தனை பேரைச் சொல்லியிருக்கேன். கட்டுனவனை வாசல்ல நின்னு வஞ்சவ, உள்ள போயி ஒளிஞ்சு குடிச்சிருக்கான்னுதானே பேசுவாங்க. அந்தப் பேரை வாங்கிக்கிட்டுப் பொழைச்சு என்ன பண்றது?"

எனக்கு அழுகையும் வந்துச்சு, அறையணும்னும் தோணுச்சு. உசுரு போறப்பவும் ஊரு வாயைப் பத்தித்தான் கவலை. ஆனா அது சொன்னது பொய்யில்லையே. என் கடையிலயே பேசுவாங்க, எனக்குத் தெரியாதா?

அப்பத்தான் எங்கண்ணன் வாயைத் தொறந்துச்சு.

"எனக்குன்னு சொல்லிரலாம்."

நாங்க ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தோம்.

"எனக்குத்தான் கேன்சருன்னு ஊருல சொல்லிரலாம். பீடிக்காரன், யாரும் ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க. எனக்குத் தொணைக்கு வாராப்பல நீ வா. வைத்தியம் உனக்கு, பேரு எனக்கு."

முப்பது வருசத்துல எங்கண்ணன் பேசுன உருப்படியான பேச்சு அதுதானுங்க. நங்கையா முந்தானையில மூக்கைச் சிந்திட்டு, எந்திரிச்சுப் பையை எடுத்து வெச்சுது.

ஆஸ்பத்திரியில சத்யா டாக்டருன்னு ஒரு பொண்ணு, கீழ்நாட்டுப் புள்ளைதான். ஸ்கேன் எடுத்து, ஊசியால சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, எல்லாம் வந்ததும் எங்க மூணு பேரையும் உக்கார வெச்சுது. கார்த்திகையில வேன்ல எடுத்த படத்தையும் இப்ப எடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துச்சு.

"இந்தப் படம் எடுத்து இத்தனை மாசமாச்சு. ஏனுங்கம்மா அப்பவே வரலை?"

"வந்தோமுங்க"ன்னுச்சு அண்ணன்.

"யாரு வந்தது?"

"நான் வந்தேனுங்க."

டாக்டரு எங்கண்ணனைப் பாத்துச்சு, நங்கையாளைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. நான்தான் வெளக்கிச் சொன்னேன், படம் மாறிருச்சுன்னு நெனச்சதை. பீடி குடிக்கிறவரு இருக்கறப்ப குடிக்காதவங்களுக்கு எப்படி வரும்னு நாங்க போட்ட கணக்கை. சொல்லச் சொல்ல எனக்கே வாயி கூசுச்சு. டாக்டரு திட்டும்னு பாத்தேன். திட்டலை.

"குடிக்காதவங்களுக்கும் வருதுங்கம்மா. பொம்பளைங்க நெறைய பேரு எங்ககிட்ட இப்படித்தான் லேட்டா வாராங்க. அடுப்புப் பொகையும் ஒரு காரணமா இருக்கலாம், இதுனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. அப்பவே வந்திருந்தா ஆப்பரேசன் பண்ணி எடுத்திருக்கலாம். இப்பக் கொஞ்சம் தள்ளிப் பரவிருச்சு. ஆனா உங்களுக்கு வந்திருக்கற வகைக்கு மாத்திரை இருக்குது, கேக்கும். எத்தனை வருசம் கேக்கும்னு என்னைக் கேக்காதீங்க. தெனமும் விடாமப் போடணும்."

நங்கையா ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு.

"சீட்டுல பீடின்னு எதுவும் எழுதலையேம்மா?"

டாக்டரு சீட்டைத் திருப்பிக் காட்டி, புகைப் பழக்கம் இல்லைன்னு எழுதியிருந்த எடத்தை வெரலால தொட்டுக் காட்டுச்சு. நங்கையாளுக்கு எழுத்து தெரியாது, இருந்தாலும் ரொம்ப நேரம் பாத்துச்சு.

இங்க வந்ததும் ஆரம்பிச்சுது எங்கண்ணனோட நாடகம். அப்பாசாமிக்குக் கேன்சருன்னு ஊருக்குச் சொன்னது நான்தான். சோளக்காட்டுல மத்தியானம் சொன்னேன், சாயந்தரம் மலை பூரா தெரிஞ்சிருச்சு. ஆப்பிளும் ஆர்லிக்ஸுமா சனம் வந்துச்சு. எங்கண்ணன் கட்டில்ல போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு, ஆளு வார சத்தம் கேட்டா மெதுவா முனகும். ஆர்லிக்ஸை நங்கையா குடிக்கும். ஆப்பிளை ரெண்டு பேரும் பாதி பாதி. கேன்சருக்காரன் ஊதிக்கிட்டுத் திரிஞ்சா குட்டு ஒடைஞ்சிரும்னு பீடியையும் விட்ருச்சு. முப்பது வருசம் வஞ்சு நடக்காதது ஒரு பொய்யில நடந்துச்சு.

மாத்திரை நல்லாவே கேட்டுச்சு. நங்கையாளுக்கு இருமல் கொறைஞ்சு, பங்குனியில கொரலு பாதி திரும்புச்சு. கேஸ் அடுப்புக்குச் சீலையை அவுத்தாச்சு. வெதை மூட்டைக்கு வெளியில தனியாக் கொட்டாய் போட்டு, அங்க எங்கண்ணன் பொகை போடுது. பேருதான் முக்கியம்னு இருந்தது இல்லையா, அந்தப் பேரு பத்திரமா இருந்துச்சு. அது அப்படியே இருந்திருக்கும், அன்னைக்குப் பானுமதி வராம இருந்திருந்தா.

பானுமதி அடுத்த காட்டுக்காரி, நாப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். ஒரு சீப்பு பழத்தோட எங்கண்ணனைப் பாக்க வந்துச்சு. நானும் அண்ணனுக்கு டீத்தூளு குடுக்கப் போயிருந்தேன். கட்டிலைச் சுத்தி ஏழெட்டுப் பேரு உக்காந்திருக்காங்க, எங்கண்ணன் கண்ணை மூடி முனகிக்கிட்டு இருக்குது. பானுமதி நங்கையா பக்கத்துல உக்காந்து, "பீடி என்ன பாடு படுத்துது பாருங்கக்கா"ன்னு ஆரம்பிச்சு, முடிக்க முடியாம இருமுச்சு. வாயைப் பொத்திக்கிட்டுத் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு மறுபடி இருமுச்சு.

"எத்தனை நாளா?"ன்னு நங்கையா கேட்டுச்சு.

"தையில இருந்துக்கா. அடுப்புப் பொகைதான். எனக்கென்ன, நானா பீடி குடிக்கிறேன்?"

நங்கையா மொகம் மாறுனதை நான் பாத்தேன். எங்கண்ணனும் ஒரு கண்ணைத் தொறந்து பாத்துச்சு. வேண்டாம்னு தலையை அசைச்சுது, எனக்கு அசைச்சுதா, நங்கையாளுக்கான்னு தெரியலை. அத்தனை பேரு உக்காந்திருக்கற எடம். சொன்னா நாளைக்குக் காலையில என் கடையில டீ ஆறறதுக்குள்ள மலை பூரா போயிரும். நங்கையா பானுமதி கையைப் புடிச்சுக்கிச்சு.

"கண்ணு, கேன்சரு அவருக்கில்லை. எனக்குத்தான். வேன்ல எடுத்த படத்துல தெரிஞ்சுது, நான் போகாம இருந்துட்டேன். நாளைக்கு யமுனாகிட்டப் போயி நீ நெஞ்சைப் படம் எடு."

எங்கண்ணன் கையில பாதி கடிச்ச ஆப்பிளு அப்படியே இருந்துச்சு. பானுமதி நங்கையாளை உச்சந்தலையில இருந்து பாதம் வரைக்கும் ஒரு தரம் பாத்துச்சு. எதை யாரும் கேட்ரக் கூடாதுன்னு நங்கையா நாலு மாசம் ஒளிஞ்சு கெடந்துச்சோ, அதையேதான் மொதல்ல கேட்டுச்சு.

"ஏனுங்கக்கா, நீங்க பீடி குடிச்சீங்களா?"

நங்கையா கையை விடலை.

"குடிக்கலை சாமி. அதுக்குத்தான் உன்னையப் போகச் சொல்றேன்."